அக்காமார் பாடசாலைக்குப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

முன்பள்ளிக் கல்வி பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பாடத்திட்டம், ஆசிரியைகளின் தகைமை, மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணிக்கலாமா என்பன போன்ற விடயங்கள் அவற்றில் நன்றாகவே அலசப்படுகின்றன. ஆனால் முன்பள்ளி எத்தனை மணிக்கு மூடப்படுகிறது என்று எவரும் கேட்கக் காணோம். வட கொழும்பின் வறிய குடும்பங்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிய கேள்வி என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் முப்பது வருடங்களுக்கு மேல் அரசாங்கப் பாடசாலைகளில் கற்பித்து ஓய்வுபெற்றவள். முகத்துவாரம் பக்கத்தில் ஒரு பொது மண்டபத்தில் இயங்கும் சமூக முன்பள்ளியொன்றுக்கு, வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போகிறேன். தாய்மாரில் பலர் விடிய முன்னரே 155 ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்து, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கத்து மாடி வீடுகளில் சமையலுக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறவர்கள். சிலர் புறக்கோட்டைக் கடைகளில் நிற்கிறார்கள். காலையில் அவித்த கடலையோ பச்சைப்பயறோ, சில நாட்களில் இலைக்கஞ்சியோ கொடுக்கிறோம். சனி, ஞாயிறு கழிந்து வரும் பிள்ளைகள் இரண்டாந்தரமும் கோப்பையை நீட்டுவார்கள் என்பதால், திங்கட்கிழமைகளில் ஒரு சுண்டு கடலை கூடுதலாக ஊறப்போடுவது வழக்கம்.

மண்டபத்து வாசலில் மேசைமேல் ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டைபோட்ட பெரிய கொப்பி, கிடக்கும். பிள்ளையைக் கூட்டிச் செல்பவர், தான் பிள்ளைக்கு என்ன முறை என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். அண்மையில் ஒருநாள் அதைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது, நான்கு வயதுச் சிறுமியொருத்தியின் பெயருக்கு நேரே அந்த வாரத்தின் ஐந்து நாட்களில் நான்கு நாட்கள் "அக்கா" என்று எழுதியிருக்கக் கண்டேன். உருண்டு திரண்ட, கோடு தாண்டாத எழுத்து. என் காலத்தில் என்றால் அந்த எழுத்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டிருப்பேன். அதை எழுதிய அக்கா தரம் 7 இல் இருக்க வேண்டியவள். முன்பள்ளி மூடுவது பதினொன்றே முக்காலுக்கு, பாடசாலை விடுவது ஒன்றரைக்கு, தாய் வீடு திரும்புவது ஐந்து மணிக்குப் பிறகு. தங்கையைக் கூட்டிவர வேண்டிய நாளில் அவள் வெள்ளைச் சீருடையைப் போடுவதேயில்லை. அதே கொப்பியில் வேறு அக்காமாரும் இருக்கிறார்கள். அண்ணன்மார் மிகக் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐந்து வயதிலிருந்து பதினாறு வயது வரை ஒவ்வொரு பிள்ளையும் கட்டாயம் பாடசாலை செல்ல வேண்டும் என்று 2016 இல் விதி செய்யப்பட்டது. சின்னவளின் கல்விக்கென்று நாம் நடத்தும் இடமே பெரியவளின் கல்வியைத் தின்றுகொண்டிருக்கிறது என்பது, அந்தப் பக்கத்தைப் பார்க்கும்வரை எனக்கே உறைக்கவில்லை.

முன்பெல்லாம் இப்படியில்லையே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். தோட்டங்களில், அதாவது நெருக்கமான பலகை வீடுகளும் ஒரே தண்ணீர்க் குழாயும் கொண்ட ஒழுங்கைகளில், யாராவது ஓர் ஆச்சி வாசலில் உட்கார்ந்து பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். அந்த வாழ்க்கையை நான் பெரிதாகப் போற்றவில்லை. மழைக்காலத்தில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நின்றதையும் கண்டவள் நான். ஆயினும் நகர அபிவிருத்தி அதிகார சபையின் தொடர்மாடிகளுக்கு அவர்கள் குடிபெயர்ந்தபோது, ஒழுங்கை முழுவதும் பல மாடிகளுக்குப் பிரிந்து போயிற்று. மூன்றாம் மாடியில் ஆச்சி, பதினோராம் மாடியில் பிள்ளை, லிஃப்ட் வேலை செய்யாத நாளில் இருவருக்கும் இடையே எட்டு மாடிப் படிகள்.

ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்த ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "எங்க தோட்டத்துல பிள்ளைக்காம்பரா இருந்திச்சு மிஸ். கொழுந்து நிறுத்துப்போட்டு வந்துதான் பிள்ளையத் தூக்குவோம்." பிள்ளைக்காம்பரா என்பது தாய்மார் வேலை செய்யும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். தோட்டக் கம்பனிகள் பிள்ளைப் பாசத்தால் அதைக் கட்டவில்லை, கொழுந்து பறிக்கக் கை வேண்டும் என்பதால் கட்டின. அவற்றின் குறைகளும் நாம் அறிந்தவையே. ஆனால் தாயின் வேலை நேரமும் பிள்ளையின் பராமரிப்பு நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எளிய கணக்கு மலைநாட்டுத் துரைமாருக்குப் புரிந்திருந்தது. தலைநகரில் அது இன்னும் புரியவில்லை.

1945 இலிருந்து நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியைப் பற்றி நாம் பெருமை பேசுகிறோம். ஆனால் அது முதலாம் தரத்தின் வாசலில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய வயது, 1987 இல் வந்த, அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் மாகாண சபைகளின் மேற்பார்வைக்குள் போயிற்று. மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 இல். 2019 இல் அதன் பதவிக்காலம் முடிந்ததோடு, இதைப் பற்றிப் போய்க் கேட்பதற்கு ஓர் உறுப்பினர்கூட எங்களுக்கு இல்லாமற் போயிற்று.

2025 வரவு செலவுத் திட்டத்தில் முன்பள்ளிப் பிள்ளையொன்றின் காலை உணவுக்கான தொகை 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாக உயர்த்தப்பட்டது நல்ல காரியம். எனினும் காலையில் வயிறு நிறைந்த பிள்ளை நண்பகலில் வெளியே அனுப்பப்பட்டால், மாலைவரை பூட்டிய வீட்டில் தொலைக்காட்சியோடும் பன்னிரண்டு வயது அக்காவோடும்தான் இருக்கப் போகிறது. சிறு பிள்ளைகளை நாள் முழுவதும் தாயிடமிருந்து பிரித்து வைப்பது நல்லதா என்று ஓர் உத்தியோகத்தர் என்னிடம் கேட்டார். வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் அஸ்வெசும கொடுப்பனவு கிடைக்கும் வீட்டிலும் அரிசி, மின்கட்டணம், பஸ் காசு எல்லாம் சேர்ந்து தாயை வேலைக்கு அனுப்பத்தான் செய்கின்றன; பிரிவு ஏற்கனவே நடந்துவிட்டது. பிள்ளை யாருடைய கண்ணில் படும்படி இருக்கப் போகிறது என்பது மட்டுமே இனி நாம் தீர்மானிக்க வேண்டியது.

நாங்கள் கேட்பது புதிய கட்டடம் அல்ல. அதே மண்டபத்தை மாலை ஐந்து மணிவரை திறந்து வைக்க அனுமதி, மதியச் சோற்றுக்கும் ஒரு கறிக்கும் ஆகும் செலவு, படுத்துறங்கப் பாய்கள், பிற்பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேருக்கு மரியாதையான சம்பளம், இவ்வளவுதான். சம்பளத்தை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இப்போதுள்ள ஆசிரியைகள் பெற்றோர் கட்டும் சொற்பக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், பெற்றோர் கட்டாத மாதத்தில் பங்கும் இல்லை. அவர்களிடமே பிற்பகலையும் இலவசமாகக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இவ்வேண்டுகோளை எழுத்து மூலம் உரிய அலுவலகத்துக்குக் கொடுத்தோம். முன்பள்ளி என்றால் ஒரு பிரிவு, பகல்நேரப் பராமரிப்பு என்றால் இன்னொரு பிரிவு என்று இரண்டு மேசைகளுக்கிடையே அக்கடிதம் ஏழு மாதமாக நடந்துகொண்டிருக்கிறது. மண்டபமோ நண்பகலிலிருந்து மாலை ஐந்தரைக்குக் கராத்தே வகுப்புத் தொடங்கும்வரை வெறுமனே பூட்டிக் கிடக்கிறது. அதன் சாவி எதிர்வீட்டு அம்மாவிடம்தான் இருக்கிறது, கேட்டால் தருவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.