ஆடு பாடுமா? பிள்ளைகள் தாமாகவே படிக்க 600 குட்டிப் புத்தகங்கள்

சிங்கப்பூர் செங்காங் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சனிக்கிழமை காலைகளில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தொடக்கநிலை ஒன்று, இரண்டு பிள்ளைகளுக்கும் தமிழ் வாசிப்பு நடத்துகிறோம். பாட்டிமார், பெற்றோர், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் என்று வருபவர்கள் எல்லாருமே தொண்டூழியர்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. இப்போது காசு கேட்பது புத்தகத்துக்கு.

“நூலகத்தில்தான் தமிழ்ப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றனவே?” என்று கேட்பீர்கள். இருக்கின்றன, நாங்களும் எடுத்து வருகிறோம். ஆனால் அவற்றில் பல, பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்ட எழுதப்பட்டவை. முதல் பக்கத்திலேயே “அடர்ந்த காட்டில் சிங்கம் கர்ஜித்தது” என்று வந்தால், இப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கிய பிள்ளை “ர்ஜி”யில் நின்றுவிடும். படித்துக்காட்டும் புத்தகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கதை கேட்காத பிள்ளைக்குப் படிக்கும் ஆசையே வராது. தானே எடுத்துப் படிக்கும் புத்தகம் வேறு ரகம். அதுதான் எங்கள் கையில் போதுமான அளவு இல்லை.

எங்களிடம் இருக்கும் மாதிரிப் புத்தகம் ஒன்றைச் சொல்கிறோம். மொத்தம் எட்டே பக்கம். அதில் வரும் எழுத்துகள் ஆறு: அ, ஆ, ம், மா, பா, டு. ஒரு பக்கத்தில் “அம்மா, ஆடு!” அடுத்ததில் “ஆடு பாடுமா?” அதற்கடுத்து “மாடு ஆடுமா?” விரலை ஒவ்வோர் எழுத்தின் கீழும் வைத்து “மா... டு... ஆ... டு... மா” என்று இழுத்த ஒரு சிறுமி, இரண்டாவது முறை சேர்த்துச் சொன்னதும் மாடு நடனமாடுவது புரிந்து சிரித்துவிட்டாள். அப்புறம் யாரும் சொல்லாமலே பக்கத்தைத் திருப்பினாள். ஆறு எழுத்து தெரிந்த பிள்ளைக்கு ஆறு எழுத்தில் ஒரு முழுக்கதை கிடைக்க வேண்டும். அடுத்த புத்தகத்தில் இரண்டு எழுத்து கூடும், அவ்வளவுதான்.

தமிழில் எழுத்துகள் 247 என்று சொல்லிப் பெற்றோரே பயந்துவிடுகிறார்கள். அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; கால் (ா), கொக்கி (ி) போன்ற குறிகள் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. உண்மையில் இடறும் இடங்கள் சில. உகர வரிசையில் கு, டு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும், இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகிய பிள்ளை அங்கே திணறத்தான் செய்யும். வீட்டில் “வந்தாங்க” என்று கேட்ட காதுக்குப் புத்தகத்தின் “வந்தார்கள்” புதுச்சொல். இவை எல்லாம் ஒரே கதையில் வந்து மோதாமல், ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி 30 கதைகளை வரிசைப்படுத்தி எழுதி வைத்திருக்கிறோம். எழுதித் தந்தவர்களில் இருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள். ஒரு கதைக்கு ‘ழ’ வேண்டுமா என்று அவர்கள் இருவரும் வாட்ஸ்அப்பில் போட்ட சண்டையைத் தனியாகவே அச்சிடலாம்.

அவசரம் ஏன் என்றால், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்தும் அதற்கு மேலும் வயதான சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுபவர்கள் 2.5 விழுக்காடு. 2010இல் அது 3.3. எங்களிடம் வரும் பெற்றோரிலேயே சிலருக்குத் தமிழ் பேச வரும், சரளமாகப் படிக்க வராது. அந்த வீடுகளில் படித்துக்காட்ட ஆளில்லை. பிள்ளை தானே படித்தால்தான் உண்டு.

சரி, கணக்குக்கு வருவோம். 30 கதைகள், ஒவ்வொன்றிலும் 20 பிரதிகள். ஆக 600 புத்தகங்கள். வண்ண அச்சும் கட்டும் சேர்த்துப் பிரதிக்கு 6 வெள்ளி, மொத்தம் 3,600. படம் வரையும் இளையர்களுக்குக் கதைக்கு 80 வெள்ளி, மொத்தம் 2,400. அவர்கள் இலவசமாகவே வரைகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று நாங்கள்தான் சொன்னோம், உழைப்புக்குக் கூலி கொடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 6,000 வெள்ளி. இருபது பிரதிகள் எதற்கு என்றால், புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டும், ஒரு வாரம் தலையணைப் பக்கம் கிடக்க வேண்டும். சில பிரதிகள் மைலோ கறையோடு திரும்பும், சில திரும்பாமலே போகும். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறோம்.

6 வெள்ளி தந்தால் ஒரு பிரதி. 200 வெள்ளி தந்தால் ஒரு கதை, படத்திலிருந்து அச்சு வரை முழுவதும் உங்களுடையது. விரும்பினால் பின்னட்டையில் உங்கள் வீட்டுப் பெரியவர் பெயரைப் போடுவோம். வரிக் கழிவு பெற்றுத்தரும் தகுதி எங்கள் குழுவுக்கு இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

பணத்தைச் சனிக்கிழமை வாசிப்பு நேரத்தில் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பேநவ் வழி அனுப்ப நினைப்பவர்களும் அங்கே மேசையில் இருக்கும் கியூஆர் குறியீட்டை மட்டும் பயன்படுத்துங்கள். வீடு வீடாக வந்து கேட்க மாட்டோம், கைப்பேசிக்கு லிங்க் அனுப்ப மாட்டோம். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது அப்படி வந்தால் கொடுக்காதீர்கள். வரவு செலவு மாதம் ஒருமுறை அதே மேசையில் ஒட்டப்படும்.

தீபாவளிக்குள் தொகை சேர்ந்தால், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் புத்தகங்கள் பிள்ளைகள் கைக்கு வந்துவிடும். ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. பணம் தர இயலாதவர்கள் ஒரு மணிநேரம் வந்து ஒரு பிள்ளை படிப்பதைக் கேளுங்கள், திருத்தாமல் கேட்டாலே போதும். பழைய பாடநூல்களையும் பயிற்சித் தாள்களையும் மட்டும் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம், வைக்க இடமில்லை.

அன்புடன்,
வாசிப்புக் குழுவினர்