ஐந்து பாகம், இரண்டு படம்

ஆசிரியருக்கு,

'பொன்னியின் செல்வன்' படத்தைப் பற்றி மட்டக்களப்பில் இன்னும் இரண்டு கட்சிதான். நாவல் படித்தவர்கள் குறை சொல்கிறார்கள், படிக்காதவர்கள் பெயர்கள் குழம்பின என்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் பங்கீட்டில் இருக்கிறது. 2022இல் வந்த முதற்படம் கல்கியின் நாவலின் ஐந்து பாகங்களில் 'புது வெள்ளம்', 'சுழற்காற்று' என்ற முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டு கடலில் முடிகிறது. மீதி மூன்று பாகமும் 2023இன் இரண்டாம் படத்துக்குள் அடைபட்டன. மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

நாவல் ஆடிப்பெருக்கில் தொடங்குகிறது. வீரநாராயண ஏரிக்கரையில் நாயகன் வந்தியத்தேவன் குதிரையை மெதுவாக நடத்துகிறான். ஏரியின் 74 கணவாய்களிலும் (மதகுகளிலும்) தண்ணீர் குபுகுபுவெனப் பாய்கிறது. உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறப்பதைப் பார்க்கப் போகும் நம்மவர்களுக்கு அந்த அத்தியாயத்தை விளக்கத் தேவையில்லை. படமோ போர்க்களத்தில் தொடங்குகிறது. திரைக்கு அது சரி என்றே நினைக்கிறேன். கல்கி வாராவாரம் வாசகரைக் காக்க வைக்க எழுதினார், திரையரங்கில் அடுத்த வாரம் என்று ஒன்று இல்லை.

வந்தியத்தேவனைக் காதலிக்கும் மணிமேகலையைப் படத்தில் நீக்கியதைத்தான் ஏற்க முடியவில்லை. நாவலின் கடைசித் துயரமே அவள்தான். பூக்கட்டும் சேந்தன் அமுதன் மகுடம் பெறும் திருப்பமும் போயிற்று. அது இல்லாமல் கடைசிப் பாகத்தின் 'தியாக சிகரம்' என்ற தலைப்புக்கே பாதிப் பொருள்தான்.

படத்தால் நாவலுக்கு வருபவர்கள் முதற்பாகத்தைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். சுருக்கப் பதிப்பும் வேண்டாம், வைணவ பக்தன் ஆழ்வார்க்கடியானின் வாய்ச்சண்டைகளை அதில்தான் முதலில் வெட்டுவார்கள்.

வாசகர்,
ஆரையம்பதி