லாங்கா, லிட்டா?

அன்புள்ள பாப்பா,

உன் மெயில் வந்தது. ஆச்சி இப்போது கம்பு ஊன்றி வாசல் வரைக்கும் நடக்கிறாள். பிசியோதெரபிக்கு வருகிற பையனைத் தினமும் நாலு வார்த்தை திட்டாமல் அனுப்புவதில்லை. அதனால் ஆள் தேறிவிட்டாள் என்றே வைத்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கே அமெரிக்கப் பள்ளியில் பதினோராம் வகுப்பில், கல்லூரித் தரத்தில் சொல்லித்தரும் ஏபி பாடங்களில் இங்கிலீஷ் லாங்குவேஜை (லாங்) விட்டுவிட்டு நேரே இங்கிலீஷ் லிட்டரேச்சருக்கு (லிட்) போகலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போகலாம். ஒன்றை முடித்தால்தான் மற்றது என்று ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு விதி ஏதும் வைக்கவில்லை. லாங் பதினொன்றில், லிட் பன்னிரண்டில் என்பது பெரும்பாலான பள்ளிகளில் இருக்கும் வழக்கம், அவ்வளவுதான். அப்பாவோ "ரெண்டும் ஏபிதானே, எதுவா இருந்தா என்ன" என்கிறார். நம் தெரு அங்கிள்மாரைக் கேட்டால், இங்கிலீஷுக்கு ஏபிக்கு ஒரு படி கீழான ஆனர்ஸ் வகுப்பு போதும், அந்த நேரத்தில் கால்குலஸ் படி என்பார்கள். அம்மா பி.ஏ. இலக்கியம் படித்தவள், அவளாவது லிட் பக்கம் நிற்பாள் என்று நீ கணக்குப் போட்டிருப்பாய். இல்லை. முதலில் லாங் எடு.

லாங் வறட்சி என்று எழுதியிருக்கிறாய். பெயரைப் பார்த்து இலக்கண வகுப்பு என்று நினைத்துவிட்டாயோ என்னவோ. அதில் படிப்பதெல்லாம் பெரும்பாலும் மேடைப் பேச்சு, கடிதம், கட்டுரை, தன்வரலாறு. மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தைப் பல லாங் வகுப்புகளில் வாசிக்கிறார்கள். அந்த ஊரில் கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த போராட்டத்தைக் குறை சொல்லி எட்டு வெள்ளை மதகுருமார்கள் ஓர் அறிக்கை விட்டார்கள். அது வந்த பத்திரிகையின் ஓரத்திலேயே கிங் பதில் எழுத ஆரம்பித்தார். கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் நீங்கள் நல்ல எண்ணம் உள்ளவர்கள்தான் என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறார். பொறுத்திருங்கள் என்றவர்களுக்குப் பதில் சொல்லும் இடம் வந்ததும், வாக்கியத்தை முடிக்கவே மாட்டேன் என்கிறார். கேளிக்கைப் பூங்காவுக்கு நாம் ஏன் போக முடியாது என்று கேட்கும் ஆறு வயது மகளிடம் நாக்குக் குழறி நிற்கும் தகப்பன் உட்பட ஒவ்வொரு அவமானமாக அடுக்கிக்கொண்டே போகிறார். முற்றுப்புள்ளி எப்போது வரும் என்று படிக்கிறவருக்கு மூச்சு முட்டுகிறது. காத்திருப்பது என்றால் என்ன என்பதை அவர்களுக்கு அப்படித்தான் காட்டுகிறார். இதைக் கண்டுபிடித்து, யாருக்காக, எதற்காக அப்படிச் செய்தார் என்று எழுதினால் அதுதான் உங்கள் ரெட்டாரிக்கல் அனாலிசிஸ். இதில் வறட்சி எங்கே வந்தது?

தேர்வில் எழுத வேண்டிய மூன்று கட்டுரைகளில் அது ஒன்று. இன்னொன்று சிந்தசிஸ்: ஒரே பொருளைப் பற்றி ஆறு ஆதாரங்கள் தருவார்கள், படமோ புள்ளிவிவரமோகூட அதில் இருக்கும். அவற்றில் குறைந்தது மூன்றையாவது துணைக்கு வைத்துக்கொண்டு உன் கட்சியை நீ வாதாட வேண்டும். மூன்றாவது, எந்த ஆதாரமும் கையில் தராமல், உன் படிப்பையும் அனுபவத்தையும் மட்டுமே நம்பி எழுதும் ஆர்குமென்ட். மூன்றுக்கும் சேர்த்து 2 மணி 15 நிமிடம். 45 மல்டிபிள் சாய்ஸ் கேள்விகளுக்குத் தனியாக 1 மணி நேரம். அடுத்த வருடம் ஏபி அமெரிக்க வரலாறும் எடுக்கிறாய் இல்லையா? அதிலும் ஏழு ஆவணங்களைக் கொடுத்து ஒரு கட்டுரை கேட்பார்கள். ஒரு வகுப்பில் பழகியது மற்றதில் கைகொடுக்கும்.

லிட்டிலும் மூன்று கட்டுரைதான், 2 மணி நேரம். ஒன்று கவிதை, ஒன்று கதைப் பகுதி, மூன்றாவதுக்கு நீ படித்த நாவலையோ நாடகத்தையோ நினைவிலிருந்து எடுத்து எழுத வேண்டும். எங்கள் பி.ஏ.வில் கைடு வாங்கி, கவிஞர் பிறந்த ஊரிலிருந்து செத்த தேதி வரை உருப்போட்டு எழுதினோம். அந்த வேலை இங்கே செல்லாது. நல்ல பாடம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாவலை யாரும் சொல்லாமலேயே நீ படிப்பாய். பல் தேய்க்கும்போதுகூடப் புத்தகத்தைக் கீழே வைக்காதவள் நீ. நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு மேடைப் பேச்சை உட்கார்ந்து பிரித்துப் பார்க்க நீயாகப் போக மாட்டாய். தானாகச் செய்ய மாட்டாத வேலையைச் செய்ய வைக்கிற வகுப்பைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு காரணம், போன மாதம் நீ அனுப்பிய கட்டுரை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் "மனித இனம் தோன்றிய நாள் முதல்" என்று ஆரம்பித்து முதல் பத்தி முழுக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தாய். நீ என்ன சொல்ல வருகிறாய் என்பது மூன்றாவது பத்தியில்தான் தெரிந்தது. அதைவிட முக்கியம், அருமையான மேற்கோளாகப் பொறுக்கி வைத்துவிட்டு அடுத்த மேற்கோளுக்குத் தாவிவிடுகிறாய். அது எதைக் காட்டுகிறது என்று எழுதவே இல்லை. ஏபி கட்டுரை ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளி. மையக்கருத்துக்கு 1, ஆதாரத்துக்கும் அதை விளக்குவதற்கும் சேர்த்து 4. மிச்சம் 1 புள்ளி சிந்தனையின் நுட்பத்துக்கு, அதைப் பற்றி இப்போது கவலைப்படாதே. அந்த நாலில்தான் நீ கோட்டை விடுவாய். லிட்டிலும் இதே அளவுகோல்தான், அதனால் லாங்கில் கற்றது அங்கே வீணாகாது.

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியதுமே கல்லூரி விண்ணப்பத்துக்கு 650 வார்த்தைக்குள் உன்னைப் பற்றி எழுத வேண்டிவரும். அதற்கு முன்னால் ஒரு வருடம் சுருக்கி, வெட்டி, திருப்பி எழுதிப் பழகியிருந்தால் அழுகை குறையும். உனக்கும் எனக்கும்.

ஏபி மதிப்பெண்ணுக்குக் கல்லூரியில் கிடைக்கும் கிரெடிட்டைப் பற்றி அப்பா கேட்டார். ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு மாதிரி. சில இடங்களில் ஏபி தேர்வில் ஐந்துக்கு 4 அல்லது 5 வாங்கினால் முதலாண்டு எழுத்து வகுப்பிலிருந்து விலக்கு உண்டு, சில இடங்களில் ஒன்றும் கிடையாது. அதற்காக மட்டும் இரண்டையும் எடுக்காதே. பன்னிரண்டில் ஆசை அப்படியே இருந்தால் லிட் எடு, இல்லையென்றால் வேறு இங்கிலீஷ் வகுப்பு எடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நாலாவது ஏபியாக சைக்காலஜி வேண்டாம். வரலாறு, பயாலஜி, லாங் மூன்றுக்கே வீட்டுப்பாடம் இரவு பதினொன்றைத் தாண்டும். அப்பாவுக்கு நீ தூங்கினாயா என்று பார்க்கத் தெரியாது.

பாடத் தேர்வுப் படிவத்தில் அப்பாவிடமே கையெழுத்து வாங்கிக்கொள். அப்புறம், கோடை விடுமுறைக்கு லாங்கில் என்ன படிக்கச் சொல்கிறார்கள் என்று பள்ளியில் உங்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம் கேட்டு எழுது. இங்கே மலிவுப் பதிப்பு கிடைத்தால் வரும்போது வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
அம்மா