பழுதாகிக் கிடக்கும் லேசர் கருவியை இயக்கக் கோரி மனு

அனுப்புநர்:
மீனவர் ஒருவரின் மகள்,
தேவனாம்பட்டினம், கடலூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: எங்கள் பகுதி அரசு மருத்துவமனையின் சிறுநீரக அறுவைப் பிரிவில் பழுதாகிக் கிடக்கும் ஹோல்மியம் லேசர் கருவியைச் சீர்செய்து, காத்திருப்போருக்கு அறுவை சிகிச்சை நடக்க உத்தரவிட வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் முன்பு அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மனுக்களுக்கு ரசீது கிடைத்தது. உரிய துறைக்கு அனுப்பப்பட்டதாகக் கைபேசியில் ஒரு செய்தியும் வந்தது. அதற்குப் பின் ஒன்றும் இல்லை. ஆகவே மீண்டும் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

1. கருவி புதிதாகக் கேட்கவில்லை. அது அறுவை அரங்கிலேயே உறை போட்டு மூடி நிற்கிறது. பழுது நீக்க ஆள் வரவில்லை. லேசர் ஒளியைச் செலுத்தும் ஃபைபர் இழைகளும் தீர்ந்துவிட்டன.

2. எங்கள் கரையோர ஊர்களில் சிறுநீரகக் கல் யாருக்கும் புதிய நோய் அல்ல என்பது தாங்கள் அறிந்ததே. வெயிலில் நாள் முழுக்கக் கடலில் நின்று, கொண்டுபோன குடிநீரைச் சிக்கனமாகக் குடிப்பவர்கள் நாங்கள். சிறுநீர் நாளத்தில் சிக்கிய கல்லை, அது எவ்வளவு கெட்டியான கல்லாக இருந்தாலும், மயிரிழை போன்ற ஃபைபர் வழியே லேசரைச் செலுத்திப் பொடியாக்கிவிடலாம். உடலைக் கிழிக்க வேண்டியதில்லை. லேசர் இல்லாததால், சிறுநீர் இறங்க நாளத்துக்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து, பிறகு வாருங்கள் என்று அனுப்புகிறார்கள். அதை மாதக்கணக்கில் உள்ளே விட்டுவைத்தால் அதன் மேலேயே கல் படியும் என்பது மருத்துவர்களுக்குத் தெரியாததா?

3. இனி என் தந்தையாரைப் பற்றி. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி 110 கிராம் அளவுக்கு வீங்கி, சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொண்டது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். இவ்வளவு பெரிய சுரப்பியை வழக்கமான மின்சார முறையில் சுரண்டி எடுத்தால் ரத்தப்போக்கு ஆபத்து அதிகம், வயிற்றைத் திறப்பது அதைவிட ஆபத்து, இவருக்கு லேசர்தான் ஏற்றது என்று மருத்துவரே கூறினார். நான் அறுவை அரங்கத் தொழில்நுட்பம் படித்தவள். காரணம் எனக்குப் புரியும். ஹோல்மியம் லேசரின் ஒளியைத் தண்ணீர் உடனே உறிஞ்சிக்கொள்கிறது. திசுவுக்குள் அரை மில்லிமீட்டர்கூட அது இறங்குவதில்லை. வெட்டும்போதே ரத்தக் குழாய்களை அடைத்துவிடுகிறது. சுரப்பியைத் தோலுரிப்பதுபோல் பிரித்து, சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கேயே அரைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். 1990களிலேயே நியூசிலாந்து மருத்துவர்கள் வகுத்த முறை இது. இன்றும் எங்களுக்கு எட்டாத அதிசயமாக இருக்க வேண்டுமா?

அறுவை நடக்கும்வரை சிறுநீர் வடிய வைத்த ரப்பர் குழாயும் இடுப்பில் தொங்கும் பிளாஸ்டிக் பையும்தான் அவர் வாழ்க்கை. ஐயா, இதைத் தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். இரவில் குழாய் அடைத்துக்கொண்டால் அடிவயிறு கல்லாக இறுகிவிடும். வாய்விட்டு அழாத மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். அந்த நேரத்தில் ஆட்டோ தேடி ஓடுகிறோம். குழாயைக் கழுவிவிட்டால் சிறுநீரோடு ரத்தமும் வருகிறது. கிருமித்தொற்று, குளிர் காய்ச்சல், ஊசி, மீண்டும் புதுக் குழாய். கடலுக்குப் போக முடியாது. உப்புத் தண்ணீரும் படகின் ஆட்டமும் குழாயோடு ஆகாது. கோயிலுக்குப் போவதில்லை. பேத்தி மடியில் ஏற வந்தால் கையால் தடுத்துவிடுகிறார், பை இழுபட்டுவிடும் என்று. புதுச்சேரிக்குப் போய்ப் பாருங்கள் என்கிறார்கள். ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம் என்று அந்தப் பஸ்ஸில் எத்தனை வேகத்தடை என்று தங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் அவர் பல்லைக் கடித்துக்கொள்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சிறுநீர் நாற்றம் வருகிறது என்று அருகில் இருந்தவர் எழுந்து போனார். என் தந்தை அன்று முழுவதும் பேசவில்லை.

4. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று அதில் நம்பிக்கை வைத்திருந்தோம். கருவி ஓடாவிட்டால் அட்டையை வைத்து என்ன செய்வது?

5. பழுது நீக்க யார் கையெழுத்திட வேண்டும்? மருத்துவமனையில் கேட்டால் மேலிடம் என்கிறார்கள். மேலிடத்தில் கேட்டால் மருத்துவமனையிலிருந்து கடிதம் வரவில்லை என்கிறார்கள். அந்த ஒரு கடிதத்துக்காக ஒரு மனிதர் உடம்பில் குழாயோடு எத்தனை காலம் படுத்திருப்பார்? கோபத்தில் எழுதுவதாகத் தாங்கள் நினைத்தாலும் பரவாயில்லை. பணிவாக எழுதிய மனுக்கள் எங்கே இருக்கின்றன என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, கருவியைப் பழுது நீக்கவும் ஃபைபர் வாங்கவும் உடனே உத்தரவிட வேண்டுகிறேன். அதற்கு நாளாகும் என்றால், என் தந்தையையும் அவரைப் போல் குழாயோடு காத்திருப்பவர்களையும் லேசர் வசதியுள்ள வேறு அரசு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பி, அறுவைக்குத் தேதியும் பெற்றுத்தர வேண்டுகிறேன். ஒருமுறை தாங்களே அந்த அரங்குக்கு வந்து, உறையை நீக்கிப் பாருங்கள். பதில் வேண்டும் ஐயா, இந்த முறை ரசீது மட்டும் போதாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மீனவர் மகள்,
தேவனாம்பட்டினம்.

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகள், ஸ்கேன் அறிக்கை நகல்.