வெட்டி ஒட்டும் படம் வேண்டாம், அளவு கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை வந்தால் நாளிதழ்களின் சிறுவர் பக்கங்களில் 'வெட்டி ஒட்டுங்கள்' என்ற தலைப்பில் மீன், ஆமை, திமிங்கலம் எல்லாம் வரிசையாக வரும். புள்ளிக்கோட்டில் வெட்டி, எண் போட்ட இடத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது. பத்துப் பிள்ளைகள் செய்தாலும் பத்தும் ஒரே மீன்தான். கோடை முகாம் நடத்துகிறவர்களும் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளையின் கண்ணுக்கு அதில் வேலையே இல்லை. அதற்குப் பதிலாக, கடலைப் பற்றிய ஒரு படப்புத்தகத்தைப் பிள்ளைகளோடு படித்து, அதிலுள்ள உயிரினங்களைக் காகிதத்தில் செய்வதற்கான அளவுகளையும் மடிப்பு முறைகளையும் தங்கள் சிறுவர் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நம் வேலூர் வட்டாரத்துக்கு இது ரொம்பவே தேவை. பழைய வடஆற்காடு மாவட்டத்துக்கும் கடற்கரை இல்லை. 2019-ல் மூன்றாகப் பிரிந்த வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்கும் இல்லை. இங்கே பிள்ளைகளுக்குத் தெரிந்த கடல், ஞாயிற்றுக்கிழமை ஐஸில் கிடக்கும் சங்கராவும் மத்தியும்தான். ஆமை என்றால் கிணற்று ஆமை. அதனால் கடலாமை செய்யச் சொன்னால் துடுப்புக்குப் பதிலாக நகம் வைத்த நாலு காலை ஒட்டுவார்கள். அது பிள்ளையின் தவறு அல்ல. புத்தகத்தைத் திரும்பத் திறந்து பார்க்கச் சொல்லும் வேலையை நாம் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

முதல் முறை படிக்கும்போது இடையில் நிறுத்தக் கூடாது. கதை கதையாகவே போகட்டும். இரண்டாம் முறை ஒவ்வொரு பக்கத்திலும் நின்று, 'இதுக்கு எத்தனை கை? வால் எப்படி நிக்குது, படுத்தாப்புலயா, நிமிர்ந்தாப்புலயா?' என்று மட்டும் கேட்டால் போதும். பதிலை நாம் சொல்லக் கூடாது. வேலை நடக்கும்போதும் புத்தகம் நடுவில் திறந்தே இருக்க வேண்டும். பசைக் கை படாமல் இருக்க, அந்தப் பக்கத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளைப் போட்டு வைக்கலாம். ஆறேழு பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் என்றால் எல்லோருக்கும் படம் தெரியும்.

ஆக்டோபஸைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். பிள்ளைகள் அதிகம் கேட்பதும் அதைத்தான், அதிகம் கெட்டுப்போவதும் அதுதான். சார்ட் அட்டையில் 17 செ.மீ. நீளம், 14 செ.மீ. உயரத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். 17-ல் 16 செ.மீ. கைகளுக்கு, ஒரு கைக்கு 2 செ.மீ. வீதம் எட்டுக் கை. மிச்சம் 1 செ.மீ. ஒட்டுவதற்கான ஓரம். உயரத்தில் மேலே 2 செ.மீ. தலையை மூடுவதற்கு, நடுவே 4 செ.மீ. உடம்பு, கீழே 8 செ.மீ. கை. கீழிருந்து மேலாக 2 செ.மீ. இடைவெளியில் 8 செ.மீ. ஆழத்துக்குக் கத்திரியை ஓட்டினால் கைகள் பிரிந்துவிடும். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஒட்டும் ஓரத்தின் கீழ்ப்பகுதியையும் அப்படியே விட்டுவிட்டால், அட்டையை உருளையாகச் சுருட்டி ஒட்டியதும் ஒன்பதாவதாக ஒரு குட்டிக் கை தொங்கும். ஓரத்தில் கீழ் 8 செ.மீ.யை முதலிலேயே வெட்டி எறிந்துவிட வேண்டும்.

உறிஞ்சிகளுக்குப் பஞ்சிங் மெஷினில் விழும் வட்டப் பொட்டுகளே போதும். ஒரு கைக்கு இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து. அட்டை தட்டையாக இருக்கும்போதே, உள்ளே போகும் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். உருளையாக்கிய பிறகு விரல் போகாது. அதன்பின் கைகளைப் பென்சிலில் வெளிப்பக்கமாகச் சுருட்டினால் உறிஞ்சிகள் வெளியே தெரியும். சுருட்டும்போது சில அட்டைகள் வழுவழுப்பாக வளையும், சில படக்கென்று உடைந்து கோடு விழும். காகிதத்துக்கு நார் ஓட்டம் உண்டு. நாருக்கு எதிராக வளைத்தால் உடையும். வெட்டுவதற்கு முன் முழு சார்ட்டை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் எளிதாக வளைவது கைக்கே தெரியும். கைகள் அந்தப் பக்கம் சுருளும்படி அட்டையை வைத்து வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் உருளை சற்று முறுக்கிக்கொண்டு பிரியப் பார்க்கும். ஒட்டிய ஓரத்தில் துணி கிளிப் ஒன்றைப் போட்டுப் பத்து நிமிடம் விட்டுவிட்டால் நின்றுவிடும். மேலே விட்ட 2 செ.மீ.யைப் பல் பல்லாக நறுக்கி உள்ளே மடித்து ஒட்டினால் தலை மூடிக்கொள்ளும்.

மீனுக்கு 10 செ.மீ. வட்டம். மூன்று முறை பாதியாக மடித்து விரித்தால் எட்டுப் பங்கு விழும். ஒரு பங்கை வெட்டி எடுத்தால் அந்த இடம் வாய், வெட்டிய துண்டு வால். வாலின் கூர்முனை உடம்பைத் தொட்டபடி ஒட்ட வேண்டும். பின்னக் கணக்கு தனியாக நடத்தாமலே வந்துவிடும். செதில் ஒட்டுவதில்தான் கவனம் வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் தலைப்பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். வால்பக்கத்திலிருந்து தொடங்கி, அடுத்த வரிசை முந்தைய வரிசையின் மேல் பாதி ஏறும்படி தலையை நோக்கிப் போக வேண்டும், நாட்டு ஓடு வேய்கிறவர் கூரையின் கீழ் ஓரமான இறவாணத்திலிருந்து மேலே போவதைப் போல. தண்ணீர் தலையிலிருந்து வாலுக்கு வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் அல்லவா? மாற்றி ஒட்டினால் ஒவ்வொரு செதிலும் தூக்கிக்கொண்டு நிற்கும், கை பட்டாலே பிய்ந்து வரும். செதிலின் முன் ஓரத்தில் மட்டும் பசை தொட்டால் போதும்.

சொறி மீனுக்கு, அதாவது ஜெல்லி மீனுக்கு, கிரேப் பேப்பர் நல்லது. அதன் சுருக்கக் கோடுகளின் போக்கிலேயே அரை செ.மீ. அகலத்தில் வெட்டினால் நேராகத் தொங்கும். அது குடையின் ஓரத்தில் தொங்கும் மெல்லிய இழைகளுக்கு. கோடுகளுக்குக் குறுக்கே 3 செ.மீ. அகலத்தில் வெட்டி, ஓரத்தை விரலால் இழுத்து விட்டால் அலை அலையாக விரியும். அது நடுவிலிருந்து தொங்கும் வாய்க் கைகளுக்கு. ஈரக்கை பட்டால் கிரேப் சாயம் விடும். வெயில் நாளில் வியர்வையே போதும், சட்டையெல்லாம் ரோஸ் ஆகிவிடும்.

திமிங்கலத்துக்கு வால் எப்படி நிற்கிறது என்பதைப் பிள்ளையே புத்தகத்தில் கண்டுபிடிக்க வேண்டும். மீனுக்கு வால் நிமிர்ந்து நிற்கும், பக்கவாட்டில் அடிக்கும். திமிங்கலம், டால்பின், ஆவுளியா மூன்றும் பால் கொடுக்கும் விலங்குகள். முதுகெலும்பு மேலும் கீழுமாக வளைவதால் வால் படுக்கையாக இருக்கும். ஆவுளியா நம் தமிழ்நாட்டுக் கடற்பசு. அதற்காகப் பாக் விரிகுடாவில் 2022-ல் காப்பகமே அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டுப் படப்புத்தகங்களில் அது அநேகமாக இருக்காது, நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். உடம்புக்கு ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டி, ஓரத்தை ஒட்டி, நடுவில் கசக்கிய செய்தித்தாளைத் திணிக்கலாம். கடைசி 5 செ.மீ.யில் திணிக்காமல் தட்டையாக விட்டு, பின்முனையிலிருந்து உள்ளே 3 செ.மீ. நேர்க்கீறல் போட்டு, வாலைப் படுக்கையாகச் செருக வேண்டும். 'வி' போல வெட்டி எடுத்தால் வால் ஆடும். கீறினால் மட்டும் போதும். நீலத்திமிங்கலம் சுமார் 30 மீட்டர் வரை வளரும். பள்ளி மைதானத்தில் அந்த நீளத்துக்குக் கயிறு போட்டுக் காட்டிவிட்டுக் காகிதத்தைக் கையில் எடுத்தால் பிள்ளைகளின் பேச்சே வேறாக இருக்கும்.

ஆமைக்கு, நம் சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையையே செய்யலாம். ஓடு 15 செ.மீ. நீளம், அகலமும் ஏறக்குறைய அதே. ஓரத்தில் நான்கு இடங்களில் 3 செ.மீ. கீறி, கீறலின் இரு பக்கத்தையும் 1 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் ஓடு தானாகவே குவிந்துவிடும். முன் துடுப்பு நீளம், பின் துடுப்பு குட்டை.

இவற்றை வைக்கப் பெட்டிக்கு நாம் அலைய வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ பெட்டி கிடைக்காத தெரு இருக்காது. உள்ளே கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை முதலில் எடுத்து எறிந்துவிட்டு, பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தினால் கடல் தயார். பின்சுவருக்கு டிராயிங் நோட்டுத் தாள்தான் சரி. வழவழப்பான சார்ட் தண்ணீரைக் குடிக்காது. வெள்ளை மெழுகுக் கிரேயானால் அழுத்தி அலைக்கோடு போட்டு, 100 மி.லி. தண்ணீரில் ஒரு டீஸ்பூன் நீலப் பேனா மை கலந்து பூசினால், மெழுகு பட்ட இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். காய்ந்ததும் மூன்றில் கீழ் இரண்டு பங்குக்கு இன்னொரு பூச்சு, அதுவும் காய்ந்ததும் அடிப்பங்குக்கு மூன்றாவது பூச்சு. 'அடியில ஏன் இருட்டு?' என்று பிள்ளை கேட்கும். வெளிச்சத்தில் சிவப்பைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடும், நீலம்தான் ஆழம் வரை போகும், 200 மீட்டருக்குக் கீழே அதுவும் மங்கிவிடும் என்று சொல்லலாம். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் தாள் வில்லாக வளையும். பின்பக்கத்தையும் வெறும் தண்ணீரால் லேசாகத் துடைத்துவிட்டு, முக்கால் பங்கு காய்ந்ததும் புத்தகங்களுக்கு அடியில் வைத்தால் தட்டையாகும். அலையின் நுரைக்குக் கத்திரி வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் வண்ணம் அச்சான பழைய பத்திரிகைத் தாளைக் கையால் கிழித்தால், இரண்டு துண்டில் ஒன்றின் ஓரத்தில் வெள்ளை தெரியும். அந்தத் துண்டை அலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெவிகாலைப் பிள்ளைகள் கெட்டியாகப் பூசுவார்கள், தாள் சுருங்கிவிடும். மெல்லிய தாளுக்கு மைதா பசையே மேல். இரண்டு மேஜைக்கரண்டி மைதாவை 200 மி.லி. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகும், அப்போது இறக்கலாம். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் கைபடும் பசையில் துளியும் கூடாது. நம் ஊர் வெயிலில் மறுநாளே புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டியதுதான். அக்னி நட்சத்திர நாட்களில் மத்தியான வேளையில் பசை ஒட்டுவதற்கு முன்பே காய்ந்து ஏடு கட்டும், ஃபேனைப் போட்டால் செதிலெல்லாம் பறக்கும். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

தெர்மாகோலும் ஜிகினாத் தூளும் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம். ஜிகினா என்பது பொடித்த பிளாஸ்டிக்தான். பெருக்கினாலும் முழுதாக வராது, கழுவினால் சாக்கடைக்குப் போகும். பாலாறு எப்போதும் காய்ந்துதானே கிடக்கிறது என்று நினைக்கக் கூடாது. 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியதை எல்லோரும் பார்த்தோம். அந்தத் தண்ணீர் வாயலூர் அருகே வங்கக் கடலில்தான் சேர்கிறது. ஆமை செய்யும் பிள்ளையின் கையாலேயே ஆமை வயிற்றுக்குப் பிளாஸ்டிக் அனுப்பிவைப்பது நியாயமா? பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. சொறி மீன் குடைக்கு அவற்றைப் பரிந்துரைக்கும் செய்முறைகள் இன்னும் அச்சாகின்றன. ஆமைக்குச் சொன்னதுபோலவே 12 செ.மீ. வட்டத் தாளில் நான்கு கீறல் போட்டு ஏற்றி ஒட்டினால் குடை வந்துவிடும்.

தாங்கள் வெளியிடும்போது, ஒரு வாரத்துக்கு ஒரு உயிரினம், கால் பக்கம் போதும். எந்த இடத்தில் பெரியவர் கை வேண்டும் என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும்: பசை காய்ச்சுவது, திமிங்கல வாலுக்குக் கீறல் போடுவது, இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆறு வயதுப் பிள்ளை மழுங்கிய முனைக் கத்திரியால் செய்துவிடும். கத்திரியைத் திருப்பாமல் தாளைத் திருப்பச் சொல்லுங்கள். வலக்கைப் பிள்ளை வட்டத்தை இடஞ்சுழியாகவும், இடக்கைப் பிள்ளை வலஞ்சுழியாகவும் வெட்டினால் கை சீராக ஓடும். இந்த ஒரு வரி இல்லாததால் எத்தனையோ இடக்கைப் பிள்ளைகள் 'எனக்கு வெட்ட வராது' என்று ஒதுங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

படம் போட்டே ஆக வேண்டும் என்றால், வெட்டி எடுக்கும்படி இல்லாமல், மடிப்பையும் கீறலையும் காட்டும் கோட்டோவியமாகப் போடுங்கள். பக்கத்தில் 10 செ.மீ. நீளக் கோடு ஒன்றையும் அச்சிடுங்கள். முகாம்களில் ஜெராக்ஸ் எடுக்கும்போது படம் சிறுத்திருந்தால், ஸ்கேலை வைத்துப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.