ஆலயக் கலைத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பான சபையாருக்கு,

சாரங்கள் இறக்கப்பட்டு, ஆலயம் மீண்டும் ஆராதனைக்குத் திறந்துவிட்டது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு தனித்தாளில் இருக்கிறது. என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம், இனி எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இங்கே சொல்கிறோம்.

பொதுக்கூட்டத்தில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, ஆராதனைக்கு இத்தனை கலைவேலை தேவையா என்பது. யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தில், பொன் வெள்ளி வேலைக்கும் இரத்தினம் வெட்டுவதற்கும் மரவேலைக்கும் சித்திரத் தையலுக்கும், ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டான் என்று வாசிக்கிறோம். அதே புத்தகத்தில்தான் மக்கள் செய்து வணங்கிய பொன் கன்றுக்குட்டியும் இருக்கிறது. ஆகவே கைத்திறனைப் பற்றி வழக்கில்லை. அது யாருக்கு ஊழியம் செய்கிறது என்பதில்தான் வழக்கு. திருச்சபை இதில் ஒருபோதும் ஒரே குரலில் பேசியதில்லை. கி.பி. 600 வாக்கில் மார்செய் ஆயர் செரேனுஸ் ஆலயப் படங்களை உடைத்தபோது, எழுத்தறியாதவர்கள் சுவரைப் பார்த்து வாசிக்கிறார்களே என்று போப் கிரகோரி அவரைக் கண்டித்து எழுதினார். அவற்றை வணங்கவிடாமல் தடுத்ததை மட்டும் பாராட்டினார். 1524-இல் சூரிக் நகர ஆலயங்களிலிருந்து படங்கள் அகற்றப்பட்டன. 1547-இல் விட்டன்பெர்க் நகர ஆலயத்திலோ ஓவியர் கிரனாக்கின் பட்டறையில் தீட்டிய பீடச் சித்திரம் வைக்கப்பட்டது. இரண்டுமே சீர்திருத்தச் சபைகள்தான்.

எனவே குழு ஒரே ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டது: கூடிவரும் சபை செய்யும் எந்தக் காரியத்துக்கு இது துணை நிற்கிறது? பாடவா, கேட்கவா, பார்க்கவா, அசையவா? பதில் கிடைக்காதவற்றை விட்டுவிட்டோம். தூண்களுக்குக் கேட்கப்பட்ட பொன்முலாம் பூவேலையும், நிறம் மாறும் விளக்குகளும் அப்படித்தான் போயின.

முதலில் கையில் எடுத்தது ஓசை. கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் பலர் இதைக் கவனித்திருக்கமாட்டார்கள். எங்கள் கணிப்பில் மொத்தத் திருப்பணியில் முக்கியமானது இதுவே. ஆலயத்தின் உள்ளளவு 24 × 12 × 8 மீட்டர், அதாவது 2,304 கன மீட்டர். எதிர்முழக்க நேரம் என்பது ஓசை 60 டெசிபல் (ஒலி அளவின் அலகு) தணிய எடுத்துக்கொள்ளும் நேரம். கனஅளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சலால் (ஒலியை முழுதும் விழுங்கும் பரப்புக்குச் சமமான சதுர மீட்டர்) வகுத்தால் அது கிடைக்கும். வெறும் சுவரும் பெஞ்சுகளுமாக இருந்த ஆலயத்தின் உறிஞ்சல் சுமார் 74 சதுர மீட்டர். எனவே காலி ஆலயத்தில் 5 நொடி முழங்கியது. ஒருவர் உட்கார்ந்தால் ஏறத்தாழ 0.45 சதுர மீட்டர் உறிஞ்சல் கூடும். 250 பேர் நிறைந்தால் 2 நொடிக்கு இறங்கும். பாதிப் பேர் வந்தால் 2.8 நொடி. பண்டிகை நாளில் பிரசங்கம் தெளிவாகக் கேட்டு, சாதாரண நாளில் குழம்பியதற்குக் காரணம் இதுதான். மைக்கின் சத்தத்தைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும். ஒரு பயனும் இல்லை.

பேச்சுக்கு 1 நொடி அளவே நல்லது. சபையாகச் சேர்ந்து பாட 2 நொடி வாக்கில் இருந்தால் நல்லது, மிகவும் குறைந்தால் ஒவ்வொருவருக்கும் தன் குரல் மட்டும் தனித்துக் கேட்டு, வாய் தானாக மூடிக்கொள்ளும். கூடம் முழுவதும் கம்பளம் விரித்துச் சினிமாக் கொட்டகை போல ஆக்கிய ஆலயங்களில் பாட்டு செத்துப்போவது இதனால்தான். பாதிப் பேர் இருக்கும்போது 2 நொடி என்று இலக்கு வைத்து, 70 சதுர மீட்டர் ஒலி உறிஞ்சும் பலகைகள் பொருத்தினோம். 50 மி.மீ. கனிமப் பஞ்சு, மேலே காற்றுப் புகும் துணி, பின்னால் 50 மி.மீ. இடைவெளி. இடைவெளியை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டினால் தாழ்ந்த சுரங்கள் அடங்காமல் உறுமும். பலகைகள் பின்சுவரிலும் பக்கச் சுவர்களின் பின்பகுதி மேலேயும் மட்டுமே உள்ளன. பாடகர் குழுவுக்குப் பின்னுள்ள சுவரை வெறுமையாகவே விட்டோம்; அந்தச் சுவர்தான் அவர்கள் குரலைச் சபைக்குத் திருப்பி அனுப்புகிறது. அவர்கள் காலடியிலும் மரத்தளம்தான். கம்பளம் கேட்டு வந்த விண்ணப்பத்தை ஏற்கவில்லை. இப்போது நிறைந்த ஆலயத்தில் 1.5 நொடி.

நடு ஆலய ஒலிபெருக்கிகள் முன்னுள்ளவற்றுக்கு 12 மீட்டர் பின்னால் இருக்கின்றன. ஓசை அந்தத் தூரம் வர 35 மில்லி நொடி ஆகும். அவற்றை 45 மில்லி நொடி தாமதப்படுத்தியிருக்கிறோம். அந்தக் கூடுதல் 10 மில்லி நொடியால், குரல் பிரசங்க பீடத்திலிருந்தே வருவதாகக் காது எடுத்துக்கொள்ளும். ஒலிக் கலவைக் கருவியில் (மிக்சர்) இந்த எண்ணை யாரும் மாற்ற வேண்டாம்.

பீடத்துக்குப் பின்னுள்ள சுவரில் முன்பு பிளாஸ்டிக் எமல்ஷன் பூசியிருந்தது. அது சுவரின் மூச்சை அடைத்துவிடும். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி, உப்பு பூத்து, பூச்சு கொப்புளித்து உரிந்தது. மேலே எத்தனை முறை அடித்தாலும் அதே கதைதான். எனவே வெளிப்புறம் மண் மட்டத்தை உள்தளத்துக்குக் கீழே இறக்கி, மழைநீர் விலகி ஓட வாய்க்கால் வைத்தோம். சிமெண்டுப் பூச்சைச் செங்கல் வரை கொத்தி எடுத்துச் சுவரை உலரவிட்டோம். பிறகு ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்காக அடிப்பூச்சு. அதன்மேல் சலித்த மணலில் 4 மி.மீ. மெல்லிய பூச்சு. இதை 4 வாரம் ஆறவிட்டோம்.

அந்தச் சுவரில் சித்திரம் பொட்டாசியம் சிலிகேட் வண்ணத்தில் தீட்டப்பட்டது. 1878-இல் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் காப்புரிமை பெற்ற முறை இது. வண்ணம் படலமாக நிற்காமல் பூச்சோடு வேதியியலாகப் பிணைந்துவிடும், ஈரமும் வெளியேறும். தீட்டியதைப் பின்னர் அழிக்க முடியாது. ஆகவே முழு அளவுக் கோட்டோவியத்தைத் தாளில் வரைந்து சுவரில் தொங்கவிட்டு, கடைசி பெஞ்சிலிருந்து பார்த்துத் திருத்திய பிறகே தொடங்கினோம். 24 மீட்டருக்கு அப்பால் 2 செ.மீ.க்கு மெலிந்த கோடு பின்னணியில் கரைந்துவிடுகிறது. விரல்களும் ஆடை மடிப்புகளும் தடித்திருப்பது அதனால்தான். நிறங்கள் காவி மண், இரும்பு ஆக்சைடு, குரோமியப் பச்சை, கோபால்ட் நீலம். பிரஷ்ய நீலம் காரத்தில் நிறம் கெடும் என்பதால் அதைத் தொடவில்லை.

சிலிகேட் துளி கண்ணாடியில் பட்டால் அரித்துத் தழும்பாகிவிடும். ஆகவே பீடத்தருகே உள்ள வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை முதலில் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிட்டே சுவரில் தூரிகை வைத்தோம். ஜன்னல்கள் வயிறு தள்ளியிருந்ததற்குக் கண்ணாடி காரணமல்ல. குறுக்குக் கம்பியோடு கட்டிய செப்புக் கம்பிகள் அறுந்து, முழுப் பாரமும் அடியிலுள்ள ஈயப் பட்டிகளில் இறங்கியிருந்தது. பிரிக்குமுன் ஒவ்வொரு தகட்டின் மேலும் தாளை வைத்துத் தேய்த்து அச்செடுத்து எண்ணிட்டார்கள். முகங்களின் வண்ணம் நிற்கிறதா என்று ஈரப் பஞ்சு ஒற்றிச் சோதித்த பிறகுதான் கழுவினார்கள். புது ஈயப் பட்டி, மூட்டுகளில் ஈயப்பற்று, பட்டியின் உதட்டுக்குள் சாக் தூளும் ஆளி விதை எண்ணெயும் விளக்குக் கரியும் கலந்த மக்கு. மக்கு இறுகும்வரை தகடுகள் படுக்கையிலேயே கிடந்தன. வெளியே போட்டிருக்கும் காப்புக் கண்ணாடியின் மேலும் கீழும் விட்டிருக்கும் திறப்பைத் தூசி வருகிறது என்று யாராவது அடைத்தால், உள்ளே வியர்த்து வண்ணம் உரியும்.

பாடல் வரிகளுக்கான திரை முன்பு பீடச் சுவரின் நடுவில் தொங்கியது. சித்திரத்தை மறைக்கும் திரையும் வேண்டும், சித்திரமும் வேண்டும் என்றால் நடக்காது. திரை வலது பக்கம் போயிற்று. எழுத்தின் உயரம் 12 செ.மீ.க்குக் குறையக்கூடாது. கொம்பும் காலும் சுழியும் உள்ள தமிழ் எழுத்துக்கு வரி இடைவெளியையும் தாராளமாக விட வேண்டும். ஒரு பக்கத்தில் நான்கு வரி போதும்.

முன்வரிசைப் பெஞ்சுகள் இரண்டையும் கழற்றக்கூடியவையாக மாற்றியிருக்கிறோம். வேதபாட நாடகத்துக்கும் பவனிக்கும் அங்கே இடம் கிடைக்கும்.

பீடத் தொங்கல்கள் திருச்சபை ஆண்டின் காலங்களுக்கேற்ப ஊதா, வெள்ளை, சிவப்பு, பச்சை என நான்கு நிறங்களில் சபையாரே தைத்தவை. சரிகை நூலைத் துணிக்குள் இழுக்காமல் மேலே படுக்கவைத்துப் பட்டு நூலால் கட்டியிருக்கிறார்கள். உள்ளே இழுத்தால் உலோக உறை உரிந்துவிடும். இவற்றை மடிக்காமல் உருளையில் சுற்றியே வைக்கவும். மெழுகு சொட்டினால் ஆறிய பின் சுரண்டி, உறிஞ்சு தாளுக்கிடையே வைத்து இஸ்திரி போடவும். பட்டு வெளிறாதிருக்க, ஆராதனை இல்லாத நேரத்தில் பீட விளக்குகள் அணைந்திருக்க வேண்டும்.

திருமண அலங்காரத்துக்கு வருபவர்கள் ஒலிப் பலகைகளில் குண்டூசியோ, சித்திரச் சுவரில் ஒட்டுநாடாவோ பயன்படுத்தக்கூடாது. மெழுகுவர்த்திகள் சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். இந்த விதிகள் முன்பதிவுப் படிவத்தின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ளன. கையெழுத்திட்ட பிறகே சாவி கொடுக்கப்படும்.

திருப்பணிக் குழு