செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையம் போகிறவர்களுக்கு

தோழிகளுக்கு வணக்கம். மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் தாய்மார்களை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று பார்த்து எழுத, கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில் போகிறோம். கட்டடம், கழிப்பறை, குடிதண்ணீர் பற்றி ரெண்டு வரி எழுதினால் போதும்.

தாய் சேய் நல அட்டையை அந்த அம்மாவிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். எடை, பிரஷர், ஹீமோகுளோபின் எழுதியிருக்கும். எழுதிய பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் தரம் இருக்கிறது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை; 7-க்குக் கீழே என்றால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். பிரஷர் 140/90-ஐத் தொட்டவரை மறுபடி பார்த்தார்களா? இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு போடக் கூடாது என்று யாராவது சொன்னார்களா?

பிரசவ அறையில் ஆக்சிடோசின் ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கிறதா என்று கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைத் தடுக்கும் மருந்து அது, வெயிலில் வீரியம் போய்விடும். மதுரை வெயில் நமக்குத் தெரியாததா!

அப்புறம், பிரசவமான அம்மாக்களிடம், வலியில் கத்தியபோது திட்டினார்களா, கூட ஒருவரை இருக்க விட்டார்களா என்பதைச் செவிலியர் இல்லாத இடத்தில், அவசரப்படாமல் கேளுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். செவிலியர்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள்; ராத்திரி ஒரே ஆளாகச் சமாளிக்கிறார்கள் என்றால் அதையும் எழுதணும்.

யார் பெயரும் வேண்டாம். அட்டையைப் போட்டோ எடுத்து இந்தக் குழுவில் போடாதீர்கள்.